மூன்று கோடும் நிறைந்த அறை

அத்தியாயம் பதினொன்று

கல்யாண வீட்டுச் சஹனில் வாயில் வைத்த கவளம், வெள்ளிக்கிழமை விடிந்தும் முப்லிஹாவுக்குச் செமிக்கவில்லை.

ஆறு பெண்கள் சுற்றியிருந்து ஒரே சஹன் தட்டில் கை வைத்துச் சாப்பிட்ட பந்தி அது. எதிரே இருந்த மாமியார் நபீஸா, எலும்பை ஓரமாக ஒதுக்கிக்கொண்டே யாரோ கேட்டதற்குப் பதில் சொன்னாள். "நஸீரா? அவன் இன்னும் ரெண்டு வருஷம் குவைத்திலதான் இரிப்பான் போல."

மற்ற நாலு பேரும் முப்லிஹாவைப் பார்த்தார்கள். அவள் சிரித்தாள், எல்லாம் தெரிந்தவள் மாதிரி.

பெண்சாதிக்குத் தெரியாத சங்கதி பந்திக்குத் தெரிந்திருந்தது.

வாற மாதம் இருபதாம் தேதி ஒப்பந்தம் முடிகிறது, வந்துவிடுவேன் என்று நஸீர் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சொல்லிக்கொண்டுதான் இருந்தான். அதை நம்பித்தான் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க உம்மா ஆள் பிடித்திருந்தாள். யார் சொல்வது உண்மை என்று அவனிடமே கேட்டுவிட வேண்டும். கேட்பதற்கு வாய் இருந்தது. இடம்தான் இல்லை.

காத்தான்குடியில் வளவுகளுக்கு அகலம் கிடையாது. வீட்டை நீளத்துக்குத்தான் இழுக்க வேண்டும். வாப்பா உயிரோடு இருந்த காலத்தில் மூத்த மகளுக்கென்று கட்டி, அவள் பெயருக்கே எழுதிக் கொடுத்த வீடு இது. தெருப் பக்கம் ஹோல். ஹோலுக்குப் பின்னால் ஒரு திரை. திரைக்கு அப்பால் உம்மாவின் அறை, சாப்பிடும் இடம், குசினி. எல்லாவற்றுக்கும் கடைசியில், வாவிப் பக்கத்துக் காற்று வருகிற மூலையில், முப்லிஹாவின் அறை. தலைக்கு மேலே, தங்கச்சி நஸ்ஹாவின் சீதன வீட்டுக்காகப் போட்ட கொங்கிரீற் தட்டு.

நஸீர் குவைத்துக்குப் போன அதே மாதம் இன்டர்நெட் பெட்டி வந்தது. பூட்ட வந்த இரண்டு பேர் ஹோலில் நின்றார்கள். பெண்கள் குசினிக்குள் நின்றார்கள். அந்நிய ஆண்கள் திரையைத் தாண்டுவதில்லை. தாண்டச் சொல்லுவாரும் இல்லை. தெருவோரச் சுவரில், டீவிக்கு மேலே பெட்டியை அறைந்துவிட்டு அவர்கள் போய்விட்டார்கள். திரைக்கு இந்தப் பக்கம் எவ்வளவு நீளத்துக்கு வீடு கிடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது.

அன்றிலிருந்து நஸீரின் வெள்ளிக்கிழமை வீடியோக் கோல் ஹோலுக்குத்தான் வரும், அதுவும் உம்மாவின் போனுக்கு. முப்லிஹாவுக்கென்று போன் இல்லை. முதலில் உம்மா, அடுத்து நஸ்ஹா, பிறகு வந்திருக்கிற சொந்தக்காரர்கள், கடைசியில் முப்லிஹா. போன் அவள் கைக்கு வந்ததும் எழுந்து தன் அறைக்கு நடப்பாள். குசினி தாண்டியதும் வெட்டும். ஒரு மணித்தியாலம் கழித்து அவன் மறுபடி உம்மாவுக்கு எடுத்து ஸலாம் சொல்லி முடிப்பான். இரண்டு வருஷமும் எட்டு மாதமும் இப்படியே போயிற்று.

"இந்தப் பாழாப்போன சிக்னல்," என்று உம்மா ஒவ்வொரு கிழமையும் சொல்வாள்.

சஹனில் அந்தப் பேச்சைக் கேட்டு வந்த மறுநாள், முப்லிஹா முதல் தடவையாக வாய் திறந்தாள். "உம்மா, என்ட ரூமுக்கும் சிக்னல் எடுக்கணும்."

அதற்குத்தான் இந்த வெள்ளிக்கிழமை காலை ஹலீம் வந்திருந்தான்.

---

ஹலீம் பெரிய தெருவில் கமெரா பூட்டுகிற, போன் திருத்துகிற கடை வைத்திருப்பவன். முப்பத்தைந்து வயது; நஸ்ஹாவுக்குக் காக்கா, அண்ணன் மாதிரி. அவன் குரலுக்குப் பள்ளிவாசலில் மைக் தேவையில்லை என்று ஊரில் பகிடி சொல்வார்கள்.

"மாமி, நான் ஒருக்கா உள்ளுக்கு வந்து பாத்தா அஞ்சு நிமிஷத்தில முடிஞ்சிரும்," என்றான் ஹோலில் நின்று.

"டாக்குத்தர் எண்டாப் பரவாயில்ல மகன். நீ வயர்க்காரன்," என்றாள் ஆயிஷா உம்மா. "அங்க நிண்டே சொல்லு. நஸ்ஹா செய்வாள். அவள் போனுக்குள்ளதான் குடியிரிக்காள்."

"சரி. நஸ்ஹா! போனத் தூக்கிக்கிட்டு நட. மேல இரிக்கிற கோட்டப் பாத்துப் பாத்துச் சொல்லு. இப்ப எங்க நிக்காய்?"

"குசினி வாசல்ல."

"எத்தின கோடு?"

"ரெண்டு. இல்ல, ஒண்டு. ஒண்டரை!"

"ஒண்டரை எண்டு ஒண்டும் இல்ல புள்ள. ராத்தாட ரூமுக்குப் போ."

"கட்டிலுக்குப் பக்கத்தில நிக்கன் காக்கா! ஒரு கோடும் இல்ல!"

"அடியேய், மெதுவாப் பேசு," உம்மா தலையில் கை வைத்தாள். "ராத்தாட கட்டில் எங்க கிடக்கெண்டு தெருவுக்கெல்லாம் தெரியணுமா?"

முப்லிஹாவுக்குச் சிரிப்பு வந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

திரைக்கு அப்பாலிருந்து ஹலீம் கேட்டான். "ரூமுக்கும் குசினிக்கும் இடையில உள்ள சுவத்தில பெரிய கண்ணாடி ஏதும் இரிக்கா?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கல்யாணத்துக்கு வாங்கிய அலுமாரி, இரண்டு கதவும் ஆளுயரக் கண்ணாடி, அந்தச் சுவரை அடைத்துக்கொண்டுதான் நின்றது.

"அதான் பாருங்க. கண்ணாடிக்குப் பின்னால பூசியிரிக்கிற பூச்சு சிக்னலத் திருப்பி அடிக்கும். அலுமாரிய மற்றச் சுவத்துக்கு மாத்துங்க."

மூன்று பெண்களும் சேர்ந்து அலுமாரியைத் தள்ளினார்கள். கால்கள் சீமெந்தில் கிறீச்சிட்டன. நஸ்ஹாவின் முழங்கை உரசிப் போயிற்று. "மாப்பிள்ளையக் கொண்டு வாறதவிட இதுக்குக் கஷ்டம்," என்றாள் அவள். உம்மா அவள் முதுகில் ஒன்று வைத்தாள்.

பிறகு ஹலீம் பழைய பெட்டியைத் தெருவோரச் சுவரிலிருந்து கழற்றினான். நீள வயர் இழுத்து, திரைக்குப் பக்கத்தில், உயரத்தில் பூட்டினான். "இது இவ்வளவு காலமும் பாதிச் சிக்னலத் தெருவுக்குத்தான் கொடுத்திரிக்கி. தெருவால போன மாடெல்லாம் வீடியோ பாத்திரிக்கும்."

இரண்டாவது பெட்டி கைக்குள் அடங்குகிற சின்னது. திரைக்குக் கீழால் தள்ளிவிட்டான். உம்மா அதை எடுத்துக்கொண்டு நேரே முப்லிஹாவின் அறைக்குப் போனாள்.

"அங்க வேணாம் மாமி!" காலடிச் சத்தத்தை வைத்தே ஹலீம் கண்டுபிடித்துவிட்டான். "சிக்னல் இல்லாத இடத்தில அத வெச்சா, அது இல்லாததத்தான் பரப்பும். பாதி வழியில வைங்க. குசினிப் பிளக்கில. தண்ணித் தாங்கிக்குப் பக்கத்தில மட்டும் வேணாம்."

நஸ்ஹா கதிரையில் ஏறி மாட்டினாள். ஒரு சிவப்பு வெளிச்சம் மினுங்கி, பச்சையாகி, நின்றது.

"ரெண்டு பொட்டிக்கும் ஒரே பேர்தான் போட்டிரிக்கன்," என்றான் ஹலீம். "நீங்க ஒண்டும் செய்யத் தேவல்ல. நடக்க நடக்கப் போன் தானா மாறிக்கிரும். இப்ப ராத்தாட ரூமில பாரு."

முப்லிஹா தானே உம்மாவின் போனை வாங்கிக்கொண்டு நடந்தாள். குசினி வாசல், முழுக்க. அறை வாசல், முழுக்க. கட்டிலில் உட்கார்ந்து பார்த்தாள். மூன்று கோடும் நிறைந்திருந்தன. கதவைச் சாத்தினாள். அப்போதும் நிறைந்திருந்தன.

"சரியா?" என்று ஹலீமின் குரல் வீட்டைத் துளைத்துக்கொண்டு வந்தது.

நஸ்ஹாதான் கத்தினாள். "மூணும் இரிக்கி காக்கா! ராத்தா அழுறா!"

"சும்மா இரிகா," என்று முப்லிஹா தங்கச்சியைக் கிள்ளினாள்.

நஸீருக்கு இதைச் சொல்ல வேண்டாம் என்று மூவரும் முடிவு பண்ணினார்கள். அவனாகவே கண்டுபிடித்துத் திடுக்கிடட்டும்.

---

ஜும்ஆ முடிந்தது. நெய்ச்சோறும் பொரித்த செப்பலி மீனும் சாப்பிட்டு உம்மா கொஞ்சம் சாய்ந்தாள். முப்லிஹா அறையில் இருந்து, கேட்க வேண்டியதை மனசுக்குள் அடுக்கினாள்.

வாறீங்களா, இல்லையா? அது முதல் கேள்வி. அதற்குக் கீழே இன்னொன்று கிடந்தது. அது கேள்வியும் இல்லை.

அவன் போகும்போது அவளுக்கு இரண்டு மாதம். "பிள்ள கிடைச்சதுக்குப் பிறகு போங்க" என்று அவள் காலைப் பிடிக்காத குறை. விசா காத்திருக்காது என்று போனான். நாலாம் மாதம் அது தங்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வெள்ளிக்கிழமை, ஹோலில் பதினைந்து பேர் இருந்தார்கள். உம்மாதான் போனில் சொன்னாள். நஸீர் தலையைக் குனிந்து, "அல்லாஹ்ட நாட்டம் மாமி," என்றான். பிறகு போன் கை மாறிக் கை மாறி அவளிடம் வந்தது. பதினைந்து பேரும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சாப்பிட்டயா?" என்று கேட்டான் அவன்.

"ஓம்," என்றாள் அவள்.

அந்தப் பிள்ளையைப் பற்றி அவர்கள் இருவரும் பேசிய பேச்சு அவ்வளவுதான். அதற்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமைகளில் அது சிக்னலுக்குள் அகப்பட்டுக்கொண்டது. அவள் ஒவ்வொரு கிழமையும் எழுந்து நடந்தாள், ஒவ்வொரு கிழமையும் வெட்டியது. அவளுடைய துக்கத்தைப் பாதியாய்ப் பங்கு போட ஒரே ஒரு ஆள் உலகத்தில் இருந்தான். அவனுக்கும் அவளுக்கும் இடையில் ஒரு குசினிச் சுவர் நிற்கிறது என்றுதான் அவள் நம்பியிருந்தாள்.

---

நாலு மணிக்குக் கோல் வந்தது.

அன்று நஸீர் நல்ல குஷியில் இருந்தான். தாடியைக் குறைத்திருந்தான். உம்மாவிடம் முழங்கால் நோவை விசாரித்தான். நஸ்ஹாவைச் சீண்டினான். "மேல் வீட்டுக்குக் கூரை போட்டாச்சா? மாப்பிள்ள மழையில நனையப் போறான்."

"மச்சான், நீங்க வந்து குடை புடிங்க."

"வாற மாசம் பாரு, இன்ஷா அல்லாஹ்."

உம்மா பொருள் பொதிந்த ஒரு சிரிப்போடு போனை முப்லிஹாவிடம் நீட்டினாள். அவள் எழுந்து நடந்தாள். திரை, உம்மாவின் அறை, சாப்பாட்டு மேசை. போனில் நஸீர் தன் பாட்டில் அறைக்கூட்டாளி செய்த கோழிக் கறியைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தான். குசினியைத் தாண்டினாள். ஒரு கண் இமைக்கும் நேரம் படம் தயங்கி, மறுபடி ஓடியது.

வெட்டவில்லை!

அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். கட்டிலில் உட்கார்ந்தாள். நெஞ்சு புதுப் பெண்ணுக்கு அடிக்கிற மாதிரி அடித்தது.

"என்ன, சத்தம் வேற மாதிரிக் கேக்குது?" என்றான் அவன்.

"ரூமுக்குள்ள இரிக்கன். கதவும் சாத்தியிரிக்கன்."

அவன் முகத்திலிருந்த சிரிப்பு மெதுவாகக் கீழே இறங்கியது. படம் அவ்வளவு தெளிவாக இருந்தது. அவனுக்குப் பின்னால் கொடியில் காய்கிற சட்டை காற்றாடிக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"ஹலோ," என்றான்.

"சொல்லுங்க. கேக்குது."

"ஹலோ? ஹலோ? கேக்குதில்ல முப்லி."

"எனக்கு நல்லாக் கேக்குதே."

"படம் நிண்டுட்டுது," என்றான். அவளை நேராகப் பார்த்துக்கொண்டே சொன்னான். அவள் கையைத் தூக்கி அசைத்தாள். அவன் கண் அந்தக் கையோடு ஒரு பக்கம் போய், மறு பக்கம் வந்தது.

"படம் நிண்டுட்டுது. சிக்னல் இல்ல போல."

பிறகு அவனுடைய பெருவிரல் திரையை நோக்கி வந்தது. அது பெரிதாகி, முகத்தை மறைத்து, எல்லாவற்றையும் மறைத்தது.

கோல் முடிந்துவிட்டது.

அவளே அவனுக்குக் கோல் எடுத்தாள். மணி அடித்தது. எடுக்கவில்லை. இன்னொரு தரம் எடுத்தாள். மூன்றாவது தரம் எடுக்கப் போகும்போது ஒரு மெசேஜ் வந்து விழுந்தது.

*சிக்னல் சரியில்ல. பிறகு எடுக்கன்.*

முப்லிஹா அசையாமல் இருந்தாள். கழிந்துபோன வெள்ளிக்கிழமைகளெல்லாம் அவள் முன்னால் வரிசையாக வந்து நின்றன. நோன்புக்குப் பிறை கண்ட அன்று. வாப்பாவின் நினைவுக்கு ஓதிய கத்தத்துக்கு மறுநாள். அவளுக்குக் காய்ச்சல் வந்து, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்த அன்று. அந்த நாட்களில் உண்மையாகவே சிக்னல் இருக்கவில்லைதான். ஆனால் அதற்கு முன்னாலேயே பெருவிரலும் வந்திருக்குமோ? இனி எந்தக் கிழமை சுவர் வெட்டியது, எந்தக் கிழமை அவன் வெட்டினான் என்று பிரித்தெடுக்க ஏலாது.

கதவைத் தள்ளிக்கொண்டு நஸ்ஹா வந்தாள். அவள் கையில் இருந்த போனில் யாரோ ஒருத்தி பாட்டுப் போட்டு மருதோன்றி வரைந்துகொண்டிருந்தாள். ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடியது.

"என்ன ராத்தா, அதுக்கிடையில முடிஞ்சிட்டா?"

"வெட்டிட்டு."

"வெட்டிட்டா? என்ட போன்ல இந்தா ஓடுதே…" என்று சொல்லி வந்தவள், ராத்தாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினாள். தன் போனை மெதுவாக அணைத்தாள்.

"என்ன புள்ள, பேசினயா?" ஹோலிலிருந்து உம்மா கேட்டாள். அந்தக் குரலில் இருந்த ஆசைதான் முப்லிஹாவைப் பொய் சொல்ல வைத்தது.

"இல்ல உம்மா. சிக்னல் வெட்டிட்டு."

---

ஆயிஷா உம்மாவுக்குக் கோபம் வந்தால் முதலில் செருப்பைத் தேடுவாள், பிறகு போனைத் தேடுவாள்.

"ஹலீம், நீ என்ன பொட்டிய மகன் பூட்டினாய்? என்ட புள்ள கதவப் பூட்டிக்கிட்டு அழுறாள். ரெண்டு சொல்லுப் பேச ஏலல்ல. நீ வயர்க்காரனா, வாய்க்காரனா? வந்து கழட்டிக்கிட்டுப் போ!"

அறைக்குள் இருந்து முப்லிஹா எல்லாவற்றையும் கேட்டாள். நஸ்ஹா அவள் கையைப் பிடித்தாள். "ராத்தா, அந்த மனிசன் பாவம்."

"தெரியும்."

"அப்ப சொல்லுங்களேன்."

எப்படிச் சொல்வது? சொன்னால் இந்த வீட்டில் நஸீர் என்ற மருமகன் விழுந்துவிடுவான். இரண்டு வருஷமும் எட்டு மாதமும் உம்மா தலையில் தூக்கி வைத்திருக்கிற மருமகன்.

ஐந்தேகாலுக்கு ஹலீம் வந்தான். காலையில் இருந்த சத்தம் அவனிடம் இல்லை. வந்து நின்று தன் போனில் எதையோ தட்டிப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான்.

"மாமி, ரெண்டு பொட்டியும் நல்லா வேல செய்யுது."

"அப்ப ஏன் வெட்டுது?"

"எந்தப் போன்ல பேசினது?"

"என்ட போன்லதான்."

"இதில இரிக்கி பாருங்க. நாலு பன்னிரண்டுக்கு உங்கட போன் குசினிப் பொட்டிக்கு மாறியிரிக்கி. அதுக்குப் பிறகு இந்த நிமிஷம் வரைக்கும் ஒருதரமும் விழல்ல." அவன் தயங்கினான். "சத்தியமா மாமி, இந்தப் பக்கத்தில பிழையில்ல."

அந்தப் பக்கம் என்ற ஒன்று இருக்கிறது என்பதை அவன் சொல்லவில்லை. அது தன்னாலேயே வந்து ஹோலின் நடுவில் நின்றது.

உம்மா விடவில்லை. விட்டால் என்னவாகும் என்று அவளுக்கு அதற்குள் தெரிந்திருக்க வேண்டும். அதனால் இன்னும் சத்தமாகப் பேசினாள். "உன்ட பொட்டிக்கு நீயே சாட்சியா? நாளைக்கு வேற ஆளக் கூட்டி வாறன். நாலு பேருக்குச் சொல்றன், ஹலீம் செய்த வேலைய…"

"உம்மா."

முப்லிஹா திரைக்குப் பின்னால் வந்து நின்றிருந்தாள். துணியில் அவள் நிழல் மட்டும் தெரிந்தது.

"ஹலீம் காக்காவோட சண்ட புடிக்காதீங்க. பொட்டி நல்லம். சிக்னல் நல்லம்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "அவர்தான் வெட்டினார். நான் பாத்துக்கிட்டே இருந்தன்."

ஹலீம் தலையைக் குனிந்துகொண்டான். "நான் வாறன் மாமி," என்று மெல்லச் சொல்லிவிட்டுச் செருப்பைக்கூடச் சரியாகப் போடாமல் தெருவில் இறங்கினான்.

உம்மா கதிரையில் உட்கார்ந்தாள். "ஏன் மகள்?" என்று மட்டும் கேட்டாள்.

"தனிய என்னோட பேச அவருக்கு ஏலாதாம் போல உம்மா."

அப்போதுதான் போன் அடித்தது. வழக்கமான நேரம். வழக்கம்போல உம்மாவின் போனுக்கு. நஸீர்.

உம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று தரம் மணி அடித்தது. பிறகு எழுந்து, போனை முப்லிஹாவின் உள்ளங்கையில் வைத்தாள். தெருக் கதவைச் சாத்தினாள். நஸ்ஹாவின் தோளைப் பிடித்துத் திருப்பினாள். "வா. முத்தத்துக்குப் போவம்."

"ரெண்டு பேருமா?"

"ஓம். இத நான் எப்பவோ செய்திரிக்கணும்."

அவர்கள் குசினிக் கதவால் இறங்கிப் போகிற சத்தம் கேட்டது. இவ்வளவு பெரிய ஹோலில் அவள் ஒருத்தியாக நின்றது இதுதான் முதல் தடவை. சுவருக்கு ஒரு பெட்டி, தூரத்துக்கு ஒரு வயர் என்று அலைந்தது என்னத்துக்கு? நாலு பேர் எழுந்து முற்றத்துக்குப் போயிருந்தால் போதும். யாருக்கும் தோன்றவில்லை. அவளுக்கும் கேட்கத் தெரியவில்லை.

எடுத்தாள்.

"ஸலாம் மாமி," என்று சிரித்துக்கொண்டு வந்த முகம், அவளைக் கண்டதும் நின்றது. "மாமி எங்க?"

"ஒருத்தரும் இல்ல. ஹோல்ல நான் மட்டும்தான்."

பெருவிரல் அசைந்தது. அவள் அதைப் பார்த்தாள்.

"வெட்டுறதெண்டா வெட்டுங்க," என்றாள். குரல் நடுங்கவில்லை. அது அவளுக்கே புதினமாக இருந்தது. "ஆனா சிக்னல் இல்லையெண்டு மட்டும் எழுதாதீங்க."

விரல் நின்ற இடத்திலேயே நின்றது.

"வாறீங்களா?"

அவன் வேறெங்கோ பார்த்தான். யாரோ அங்கே பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது.

"கையெழுத்து வெச்சிட்டன் முப்லி."

"எப்ப?"

"ரெண்டு மாசத்துக்கு முந்தி."

அப்படியானால் எட்டு வெள்ளிக்கிழமை. எட்டு தரம் "வாற மாசம் இன்ஷா அல்லாஹ்" என்று இந்த ஹோலுக்குள் சொல்லியிருக்கிறான், எட்டு தரமும் உம்மா அல்ஹம்துலில்லாஹ் சொல்லியிருக்கிறாள். மணி என்னவென்று கேட்டவளுக்குப் பதில் கிடைத்த மாதிரி முப்லிஹா தலையாட்டினாள்.

"ஏன்?"

அவள் காத்திருந்தாள். அவள் வெட்டப்போவதில்லை என்று அவனுக்கு விளங்கியதும், முகத்தைக் கையால் துடைத்தான். துடைத்த பிறகும் அது ஈரமாகவே இருந்தது.

"போகாதீங்க எண்டு நீ சொன்னாய். நான் போனன். நான் போனதாலதான் பிள்ள போச்செண்டு நினைக்கன். எல்லாரும் இரிக்கிற நேரம் ஒண்டுமில்ல, பேசலாம். நீ தனிய வந்தா… உன்ட முகத்தப் பாக்க ஏலாம கிடக்கு. வந்தா ஒவ்வொரு நாளும் பாக்கணுமே."

இவ்வளவு காலமும் அவள் அழுதது ஒருத்தியாக என்று நினைத்திருந்தாள். அவனும் அழுதிருக்கிறான். அவளை விட்டு ஓடி ஓடிப்போய் அழுதிருக்கிறான். அது ஆறுதலாக இல்லை. பங்கு போட வேண்டிய ஒன்றை இரண்டு பேரும் தனித்தனியே முழுசாகத் தூக்கிச் சுமந்திருக்கிறார்கள். அதுவும் இனி இன்னும் இரண்டு வருஷத்துக்கு.

போனை ஒரு பக்கமாகப் பிடித்துத்தான் அவள் எப்போதும் பேசுவாள். பாதி முகம்தான் தெரியும். இப்போது முந்தானையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, போனை முகத்துக்கு நேரே தூக்கினாள். கண்ணீரைத் துடைக்கவில்லை.

"இந்தா," என்றாள். "பாருங்க."

அவன் பார்த்தான்.

முற்றத்திலிருந்து, அடக்க ஏலாமல் போன உம்மாவின் குரல் வந்தது. "மகள்… எப்ப வாறாராம்?"